ஒரு முறம் தவிட்டுக்கு

என் மகளை ஒரு முறம் தவிட்டுக்கு விற்றவள் நான். தீட்டுக் கழித்த அன்றைக்கே விற்றேன். வாங்கியவள் பின்தெரு பூவாயி. கோட்டை பார்க்க வந்த பட்டணத்துப் பெண் ஒருத்தி என் கூடையில் சீத்தாப்பழம் பொறுக்கிக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள். இதைச் சொன்னதும், "எப்படிம்மா மனசு வந்துச்சு?" என்றாள். மனசு இருந்ததால்தான் விற்றேன், இல்லாதவளாக இருந்தால் மடியிலேயே வைத்துச் சாகக் கொடுத்திருப்பேன் என்றேன். அவள் பழத்தைக் கூடையிலேயே போட்டுவிட்டு எழுந்து போனாள். போகட்டும். அத்தனை பழத்தையும் அமுக்கி அமுக்கிக் கெடுத்தவள்.

என் பெயர் தைலம்மாள். ராஜகிரி மலைக்குக் கீழே, செஞ்சியிலேயே பிறந்து செஞ்சியிலேயே வாழ்க்கைப்பட்டவள். வீட்டுக்காரர் ராஜாங்கம் மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்குகிறவர். வேர்க்கடலையைத்தான் இங்கே மல்லாட்டை என்போம். எனக்கும் அதே மண்டியில் கொட்டை உரிக்கிற வேலை. அது இல்லாதபோது களையெடுப்பு, அதுவும் இல்லாதபோது மலையேறிச் சீத்தாப்பழமும் விறகும். கோட்டை வாட்ச்மேன் விரட்டுவான். நானும் திருப்பி நாலு வார்த்தை கொடுப்பேன். தைலம்மா வாயில் விழுவதற்குக் கோட்டைக் கிணற்றில் விழலாம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்த வாயை வைத்துக்கொண்டுதான் பிள்ளையும் வளர்த்தேன்.

விற்ற அந்த மகள் குப்பச்சி. அவளுக்கு முன்னால் எனக்கு மூன்று பிள்ளைகள். முதல் பையன் சுவரைப் பிடித்து நடக்கப் பழகினான், ஒரு ஜுரத்தில் போனான். இரண்டாவது பெண். மாந்தம் என்றார் வைத்தியர், காத்து கருப்பு என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவர்கள் முடிவு செய்வதற்குள் அவளும் போனாள். மூன்றாவதும் பையன். பால் குடித்துக்கொண்டிருந்தவன் என் மார்பிலேயே விறைத்தான். அதற்குப் பிறகு தெருவில் யாராவது பிள்ளை பெற்றால் என்னைப் பார்க்கக் கூப்பிடமாட்டார்கள். நான் வருவதைப் பார்த்தால் பிள்ளை மேல் முந்தானையை இழுத்துப் போடுவார்கள். ஒருத்தி என் காதுபடவே, "அவ மார்ல சொரக்கிறது பாலு இல்ல, வெசம்" என்றாள். அவளைத் தலைமயிரைப் பிடித்து இழுத்து வந்து தெருவில் போட்டு மிதித்தேன். மிதித்து என்ன. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

நாலாவது வயிற்றில் இருக்கும்போது பூவாயிதான் என்னை மேல்மலையனூருக்கு அழைத்துப் போனாள். பூவாயி எனக்குச் சொந்தமில்லை. சேர்ந்து மல்லாட்டை உரிக்கிறவள், அவ்வளவுதான். ஆனால் அவள் பெற்றதெல்லாம் தங்கியது. வீடு நிறையப் பிள்ளைகள், ஒன்றுக்கொன்று சட்டியைப் பிடுங்கிக்கொண்டு. அமாவாசைக் கூட்டத்தில் கோயிலுக்கு வெளியே, உடுக்கையோடு ஒரு பொம்பளை குறி சொல்லிக்கொண்டிருந்தாள். என் கையைத் தொட்டாள். தொட்டவள் நெருப்பைத் தொட்ட மாதிரி எடுத்துக்கொண்டாள்.

"ஒன் கை புள்ள தங்காத கை, ஒன் கண்ணு புள்ளயத் தின்ற கண்ணு. இது ஒனக்குப் பொறந்ததுன்னு தெரிஞ்சா இதுவும் போயிடும். பொறந்ததும் குப்பையில போடு. புள்ள தங்குற வயித்துக்காரி ஒருத்திக்கு வித்துடு. ஒன் வாயி அத மவளேன்னு சொல்லக் கூடாது. அது வாயி ஒன்ன அம்மான்னு சொல்லக் கூடாது. ஆம்பளையோ பொம்பளையோ, கண்ணாலம் ஆவுற வரைக்கும்."

"அதுக்கப்புறம்?" என்று கேட்டேன்.

"அதுக்கப்புறம் வித்தத வாங்கிக்கோ. ஒன் புள்ள ஒனக்கு."

இதில் என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. பெற்றவள் கண் மட்டும்தான் பிள்ளையைத் தின்னுமாம், அப்பன் கண் தின்னாதாம். அதனால் எங்கள் வீட்டில் குப்பச்சி அவரை நைனா என்று கூப்பிட்டாள், என்னை யக்கா என்று கூப்பிட்டாள். ஒரே கூரைக்குக் கீழே நைனாவும் யக்காவும். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், பிள்ளை இருந்தது.

விற்ற கதையைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையைப் பழைய முறத்தில் போட்டுத் தெருக்கோடிக் குப்பைமேட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். நான் போனதும் பூவாயி அந்தப் பக்கம் வந்து, "யாரு பெத்துப் போட்ட புள்ளடி இது, கேப்பார் மேய்ப்பார் இல்லாம கெடக்குது?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டாள். தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தாள். ஒரு முறம் தவிட்டை என் முன்னால் கொட்டினாள். "இந்தா, கணக்குத் தீந்துது. இது இனிமே என் புள்ள. என் மார்ல வேற ஒண்ணு தொங்குது. நீ இதுக்குப் பால குடு" என்றாள். நான் அந்தக் குழந்தையைக் கூலிக்காரி மாதிரி வாங்கிக்கொண்டேன். பெயர் குப்பச்சி. அழகான பெயர் வைத்தால் எமனுக்குக் கூப்பிடச் சுலபமாக இருக்கும் என்பார்கள்.

அவள் தங்கினாள்.

முதல் வருஷம் போனது, நடந்தாள், பல் முளைத்தது. மற்ற மூன்றும் தாண்டாத இடத்தையெல்லாம் தாண்டினாள். ஒவ்வொன்றையும் நான் தூர நின்று பார்த்தேன். முதல் முடி எடுத்தபோது மடியில் வைத்துக்கொண்டது பூவாயி. காது குத்தியபோது கண்ணைப் பொத்தியதும் பூவாயி. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனதும் பூவாயிதான். வாத்தியார், "அம்மா யாரு?" என்று கேட்க, குப்பச்சி பூவாயியின் புடவையைப் பிடித்துக்கொண்டாளாம். இதை எனக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னவர் ராஜாங்கம். அன்றைக்கு அவருக்குச் சோறு போடவில்லை.

குறி சொன்னவள் கொஞ்சாதே என்று சொல்லவில்லை என்று பூவாயி சொல்லுவாள். அம்மா மகள் என்று பேசக்கூடாது, அவ்வளவுதானே, அதற்கு ஏன் இப்படிக் காய்கிறாய் என்பாள். அவளுக்கென்ன, அவள் பெற்றதெல்லாம் களைச்செடி மாதிரி வளர்ந்தது. மூன்றைக் குழியில் வைத்தவள் நான். கொஞ்சினால் முகத்தில் தெரியும், முகத்தில் தெரிந்தால் எவளாவது பார்ப்பாள், பார்த்தால் போயிற்று. அதனால் சனியனே, பீடையே என்றுதான் கூப்பிட்டேன். புதுத்துணி எடுத்துத் தரவில்லை, பூவாயி பிள்ளைகள் கழித்துப் போட்டதைத்தான் கட்டிவிட்டேன். பிள்ளை தூங்கும்போதுகூடப் பக்கத்தில் உட்காரமாட்டேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. என் குஞ்சைத் தகரம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு தடவை மலையடியில் செட்டிக்குளத்துக்குப் பக்கத்தில் பாறையிலிருந்து வழுக்கி விழுந்தாள். நான் விறகு கட்டிக்கொண்டிருந்தேன். முழங்கால் கிழிந்து ரத்தம். விழுந்த வேகத்தில், "அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். விழுந்தால் யாராக இருந்தாலும் அம்மா என்றுதான் கத்துவார்கள். கிழவனும் அப்படித்தான் கத்துவான். அது எனக்குத் தெரியாதா? ஆனால் அவள் கத்தியது என் காலைக் கட்டிக்கொண்டு. வாயிலேயே அறைந்தேன். உதடு கிழிந்தது. "யாருடி ஒனக்கு அம்மா? நானா? ஒன் அம்மா பின்தெருவுல மாட்டுக்குத் தண்ணி காட்டறா, அங்க போயி ஒப்பாரி வையி" என்றேன். அதற்குப் பிறகு அவள் விழுந்தாலும் அடிபட்டாலும் "ஐயோ" என்றுதான் சொன்னாள். பெரும்பாலும் அதையும் சொல்லவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். என் கை அடித்ததோடு சரி. கண்ணாலம் ஆனதும் மீதியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஒரே ஒரு ஆசைதான் எனக்கு. அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறிய மறுநிமிஷம், அந்த வாயால் ஒரு தரம் அம்மா என்று கேட்க வேண்டும். அதற்குத்தான் அத்தனை வருஷமும்.

அறுபதாம் வருஷம் ஊரில் அம்மை வந்தது. குப்பச்சிக்கும் வார்த்தது. உடம்பில் ஊசி குத்த இடமில்லை. கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன், அடுத்த நிமிஷம் வீட்டை விட்டு இறங்கினேன். மண்டிக் கொட்டகையில் போய் உட்கார்ந்து கொட்டை உரித்தேன். அங்கேயே தின்றேன், அங்கேயே சாக்கில் படுத்தேன். வீட்டில் வேப்பிலை விசிறியது ராஜாங்கமும் பூவாயியும். மண்டியில் எல்லோரும் காறித் துப்பினார்கள். "நீயெல்லாம் ஒரு பொம்பளையா? புள்ள அங்க துடிக்குது, நீ இங்க கொட்ட உரிக்கிற" என்று கணக்குப்பிள்ளையே கேட்டார். நான் உரித்துக்கொண்டே இருந்தேன். நகத்துக்குள் தோல் கிழிந்து ரத்தம் வந்தது. நிறுத்தினால் வீட்டுக்கு ஓடிவிடுவேன் என்று பயம்.

அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வீட்டுக்குத் திரும்பினேன். முகத்தில் தழும்போடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னை நெடுநேரம் பார்த்தாள்.

"யக்கா, நான் கெடக்கசொல்ல நீ எங்க போன?"

"மண்டிக்கு."

"நீ இருந்திருந்தா நான் செத்துட்டு இருப்பனா?"

மூடி மறைத்துப் பேச எனக்குத் தெரியாது. "செத்துத்தான் இருப்ப. என் கண்ணு அப்பிடி. மூணு போயிருக்குது" என்றேன்.

"அப்ப நீ போனதுதான் நல்லது" என்றாள்.

"ஆமா."

தலையை ஆட்டிக்கொண்டாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தாலும் ஒன்றைச் சொன்னால் பிடித்துக்கொள்கிற புத்தி. என் புத்தி. இந்த ஒன்றையாவது நேராகப் புரிந்துகொண்டாளே என்று அன்றைக்கு எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அவள் வயசுக்கு வந்ததை எனக்குச் சொன்னது தெருவில் மோர் விற்கிறவள். குப்பச்சி நேராகப் பூவாயியிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். பச்சை ஓலையில் குடிசை கட்டி உட்கார வைத்தது பூவாயி வீட்டு வாசலில். நான் இங்கே உளுந்தைக் கழுவி, இடித்து, நல்லெண்ணெய் விட்டுக் களி கிண்டி, பூவாயி மகளிடம் கொடுத்தனுப்பினேன். தண்ணீர் ஊற்றுகிற அன்றைக்கு மட்டும் போனேன். மஞ்சள் பூசி, பூவாயி பெட்டியில் வைத்திருந்த நல்ல புடவையைக் கட்டி மணையில் உட்கார வைத்திருந்தார்கள். தழும்பு முகத்திலும் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று, "இந்த மூஞ்சிக்கு மஞ்ச ஒண்ணுதான் கொறச்சல்" என்று உரக்கச் சொன்னேன். பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். குப்பச்சி நிமிர்ந்து பார்க்கவில்லை. தன் கை வளையலை ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அரிசிப் பஞ்சம் வந்த வருஷம் தொண்டூரிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை பச்சமுத்து. ஏர் ஓட்டுகிறவன், குடிக்கிற பழக்கம் இல்லை, தழும்பைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தான். எனக்கு அது போதும். கல்யாணத்துக்குச் சோறு போட அரிசி கிடைக்காமல் கேழ்வரகுக் களியும் கொஞ்சம் சோறும் போட்டு ஒப்பேற்றினோம். தவிடு கிடைப்பதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அந்த வருஷம் தவிட்டையும் பிசைந்து தின்றார்கள். ராஜாங்கம் மில்லில் கெஞ்சித் தொங்கி ஒரு முறம் வாங்கி வந்தார். வழியில் ஒருத்தி, கல்யாண வீட்டில் தவிடு எதற்கு, மாட்டுக்கா மாப்பிள்ளைக்கா என்று கேட்டாளாம்.

தாலி ஏறியது. கெட்டிமேளம் நின்றது. நான் அந்தத் தவிட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பூவாயி முன்னால் கொட்டினேன். பூவாயி அழுதுகொண்டே குப்பச்சியின் கையைப் பிடித்து என் கையில் வைத்தாள். "இந்தா தைலம். நீ குடுத்தத அப்பிடியே குடுத்துட்டன். இனிமே ஒன் மவ" என்றாள். பிறந்ததிலிருந்து அந்தக் கையை நான் அப்படிப் பிடித்ததில்லை. காய்த்த கை. என் கை மாதிரியே இருந்தது.

"கூப்புடு, குப்பச்சி" என்றார்கள் சுற்றியிருந்தவர்கள். "அம்மான்னு கூப்புடுடி."

அவள் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. அவளுக்கு வியர்த்தது. "யக்கா" என்றாள்.

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். நான் அவர்களைவிட உரக்கச் சிரித்தேன். சிரித்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்ப் பானைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ராஜாங்கம் வந்து நின்றார். "வாயி பழகணும்மே. பழகாத வாயி. போவப் போவ வரும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குறி சொன்னவள் வைத்த கெடு முடிந்துவிட்டது, பிள்ளையும் இருக்கிறது, இனி வாய் பழகுவதுதான் பாக்கி.

சந்தைக்கு வந்த தொண்டூர் வண்டிகளில் ஏறி அடிக்கடி போனேன். முறுக்கு சுட்டு எடுத்துப் போவேன், கொழுக்கட்டை எடுத்துப் போவேன். "வா யக்கா" என்பாள். தண்ணீர் கொடுப்பாள், சோறு போடுவாள், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் நான் கிட்டே போனால் அவள் தோள் கொஞ்சம் உள்ளே போகும், அடி வாங்கப் போகிறவள் மாதிரி. ஒரு நாள் அவள் தலையில் பேன் பார்க்கிற சாக்கில் பின்னால் உட்கார்ந்தேன். உட்கார்ந்திருந்த வரைக்கும் அவள் அசையவேயில்லை. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "ஒங்க அக்காவா? வயசு தள்ளிப் போச்சே" என்றாள். குப்பச்சி, "ஆமா" என்றாள். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சொன்னவன் எவனோ, அவன் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததில்லை. அவள் கல் இல்லை. நான் அடித்த அடிக்கு அவள் பதமாகத்தான் இருந்தாள்.

ஆட்சி மாறின மறு வருஷம் அவள் முழுகாமல் இருப்பதாகச் செய்தி வந்தது. முதல் பேறு தாய் வீட்டில்தான், அதில் யாரும் வாய் போட முடியாது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். ஓலையைப் பிரித்துப் புது ஓலை வேய வைத்தேன். பூண்டு, சுக்கு, பனைவெல்லம் எல்லாம் வாங்கிச் சட்டியில் போட்டு மூடி வைத்தேன். என் பழைய புடவைகளைத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆக்கிப் பிள்ளைத் துணியாகக் கிழித்தேன். ராஜாங்கம், "நீ பாட்டு பாடறத இன்னிக்குத்தான் கேக்கறன்" என்றார். நான் பாடிக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது.

பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். பெரிய வயிற்றோடு இறங்கினாள். ராஜாங்கம் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். எங்கள் தெரு திரும்பும் இடம் வந்ததும் அவள் திரும்பவில்லை. பின்தெருப் பக்கம் நடந்தாள்.

"எங்கடி போற?" என்றேன்.

"யக்கா, நான் பூவாயம்மா வூட்லயே இருந்துக்கறன்."

"வாங்கினவ திருப்பிக் குடுத்தாச்சு. இன்னும் இன்னாடி பூவாயம்மா வூடு? ஒனக்காவ சுண்ணாம்பு அடிச்சு வச்சிக்கிறன், ஓலை மாத்தி வச்சிக்கிறன். ஊரு இன்னா சொல்லும்?"

நடுத்தெருவில் நின்றுதான் கத்தினேன். அவள் கோபப்படவில்லை. வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, "அங்க பொறந்ததெல்லாம் இருக்குது யக்கா" என்றாள். குத்திக் காட்டச் சொன்னதில்லை. மழை வரும், துணியை எடுத்து உள்ளே போடு என்று சொல்லுகிற மாதிரி சொன்னாள்.

ராஜாங்கம் பெட்டியோடு நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு அவள் பின்னால் போனார்.

அன்று சாயங்காலம் பூவாயியைக் கிணற்றடியில் பிடித்தேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிள்ளை திருடி என்றேன். அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "நானா வான்னேன்? அதுவே வந்து படுத்துக்குது, நான் வெளிய புடிச்சுத் தள்ளட்டுமா? பயந்து கெடக்குது தைலம். பெத்து எழுந்தா மனசு தெளிஞ்சிடும். அது வரைக்கும் வாய வச்சிக்கினு சும்மா இரு" என்றாள். அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை, சந்தை கூடியிருந்த நேரத்தில் அவளுக்கு வலி எடுத்தது. எனக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை. ஆட்டுச் சந்தைப் பக்கம் வந்த பூவாயி பையன் சொல்லித்தான் தெரிந்தது. ஓடினேன். வீட்டுக்குள் போகவில்லை. கொல்லைப்புறச் சுவரை ஒட்டி, வைக்கோல் போருக்கும் சுவருக்கும் நடுவில் நின்றேன். உள்ளே மருத்துவச்சி, "முக்குடி, முக்குடி" என்று அதட்டுவது கேட்டது. பூவாயி ஏதோ சொல்லுவது கேட்டது. குப்பச்சி சத்தம் மட்டும் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள் என்று தெரிந்தது. ஏண்டி கத்தமாட்டேன் என்கிறாய், பேறு வலியில் கத்தாதவள் எவள் இருக்கிறாள், கத்து என்று சுவரில் தலையை வைத்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் கத்தினாள். "ஐயோ, நைனா" என்று கத்தினாள். அவள் நைனா அந்த நேரம் மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்.

பையன். அழுகைச் சத்தம் கேட்டதும் நான் வைக்கோலை விலக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ராஜாங்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தலை நிறைய முடி, கட்டைவிரல் அவர் கட்டைவிரல் மாதிரியே இருக்கிறதாம். தொண்டூர்க்காரர்கள் வந்து பார்த்தார்கள். தெருவில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். நான் போகவில்லை. அவளாகக் கூப்பிடட்டும் என்று இருந்தேன். எனக்கும் வீம்பு உண்டு.

தூளி கட்டுகிற நாள் வந்தது. கூப்பிட ஆள் வரவில்லை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நான் கிழித்து வைத்திருந்த துணிகளை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்குச் சண்டை போடுகிற எண்ணமே இல்லை. அவள் யக்கா என்றாலும் சரி, ஒன்றும் சொல்லாவிட்டாலும் சரி, பிள்ளையை ஒரு தரம் மடியில் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன்.

பூவாயி கிணற்றுக்குப் போயிருந்தாள். கதவு திறந்திருந்தது. உத்தரத்தில் கட்டிய தூளி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது, அதன் கீழே உட்கார்ந்து குப்பச்சி ஆட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். பச்சை உடம்பு, அவ்வளவு வேகமாக எழுந்திருக்கக் கூடாது. ஓடிவந்து வாசலில் நின்றாள். இரண்டு கையாலும் இரண்டு பக்கக் கதவையும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா" என்றாள்.

தெளிவாகச் சொன்னாள். பூவாயியைச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னாள். எனக்குக் கால் தரையில் இல்லை. கையிலிருந்த துணி நழுவுவதுகூடத் தெரியவில்லை. இவ்வளவு சுலபமாக வருமா, இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தாள் என்று தோன்றியது. என் மகளே என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"அம்மா, நீ உள்ள வராதம்மா" என்றாள். "இங்க நிக்காதம்மா, போயிடு. மூணு புள்ள போன ஒடம்பும்மா ஒன்னுது. ஒன் கண்ணு அவன் மேல பட வேணாம்."

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கதவிலிருந்து கையை எடுத்துத் துடைக்கவில்லை, எடுத்தால் நான் நுழைந்துவிடுவேன் என்று நினைத்திருப்பாள். "கோச்சுக்காதம்மா. ஒனக்குத் தெரியாததா? நீதான சொன்ன. ஒன்ன விட்டா யாருக்கும்மா இது தெரியும்?" என்றாள்.

"எது வரைக்கும்டி?" என்று கேட்டேன்.

"அவன் வளரட்டும்மா" என்றாள்.

எதைச் சொல்லித் திட்டுவது? நான் அவள் இடத்தில் நின்றிருந்தால், பெற்றவளாக இருந்தாலும் காலை உடைத்து அனுப்பியிருப்பேன். இவள் அழுதுகொண்டு கெஞ்சுகிறாள். தூளிக்குள் பிள்ளை தும்மியது. அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள், பிறகு இன்னும் அகலமாக நின்று மறைத்துக்கொண்டாள். பிள்ளையின் கால்கூட எனக்குத் தெரியவில்லை.

கீழே விழுந்த துணியைப் பொறுக்கிக்கொண்டேன். என் கை பட்ட துணி, அதை அங்கே விட்டு வரக் கூடாது. "பாதியா தெறந்து வெக்காத" என்றேன். "பச்ச ஒடம்புக்குக் காத்து ஆவாது. முழுசா சாத்திக்கோ."

அவள் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். மத்தியானம் சோற்றுக்கு வந்த ராஜாங்கம், பிள்ளைத் துணி கொடியில் கிடப்பதைப் பார்த்தார். "போனியா, இல்லியா? புள்ளயப் பாத்தியா?" என்றார்.

"போனேன்" என்றேன். "என்ன அம்மான்னு கூப்ட்டா."

அவர் கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். மூட்டை தூக்கித் தூக்கி வளைந்துபோன மனுஷர், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல, போவப் போவ வரும்னு" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். நான் ஊற்றினேன்.